விலங்கு மிதவையின் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, சாம்பல்: நம் கடலில் பிடித்து அளக்கும் முறை

பரங்கிப்பேட்டைக் கரையிலோ மன்னார் வளைகுடாவிலோ பிடித்த விலங்கு மிதவையை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிறு விலங்குகளை, காயவைத்துப் புரதம் பார்த்தால், ஒருவருக்கு 20 சதவீதம் வரும், இன்னொருவருக்கு 50 வரும். இருவரும் புரதத்தை நிறத்தால் அளக்கும் லோரி முறையைப் பிசகில்லாமல் செய்திருக்கலாம். வேறுபாடு பெரும்பாலும் உயிரியில் இருக்காது, கீழே வகுக்கும் எண்ணில் இருக்கும். உலர் எடை என்று தராசு காட்டிய எண்ணில் உயிரி எவ்வளவு, கடலுப்பு எவ்வளவு, காற்றிலிருந்து ஏறிய ஈரம் எவ்வளவு என்று தெரியாமல் வகுத்தால் எந்த விடையும் வரும். அதனால் இந்த வழிகாட்டியில் கரைப்பான்களுக்கு முன்னால் படகுத் தளத்து வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

உப்பு செய்யும் வேலையைக் கணக்காகவே பாருங்கள். ஒரு கிராம் ஈர எடையுள்ள துடுப்புக்காலிகள், அதாவது கோப்பிபாட்கள், காய்ந்தால் ஏறக்குறைய 160 மில்லிகிராம் நிற்கும். அந்தக் குவியலின் இடுக்குகளில் அரை மில்லி கடல்நீர் ஒட்டியிருந்தால், லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கணக்கில் 17.5 மில்லிகிராம் உப்பு கூடவே காய்கிறது. உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு அதிலேயே பொய்யாகிவிடுகிறது. சொறி, அதாவது ஜெல்லிமீன், கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சொறியின் உடலில் 95 சதவீதத்துக்கு மேல் நீர்தான், காய்ந்தபின் மிஞ்சுவதில் பெரும்பகுதி உப்புதான்.

எவ்வளவு மாதிரி வேண்டும்?

ஒவ்வொரு அளவையும் மூன்று முறை செய்ய வேண்டும். புரதத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் 15, மாவுச்சத்துக்கும் 15, கொழுப்புக்கு 10 வீதம் 30, சாம்பலுக்கு 30. ஆக 90 மில்லிகிராம் உலர் தூள். சிந்துவது, ஒட்டுவது எல்லாம் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி இடப்பெயர்ச்சிக் கனஅளவு (மாதிரி இடம்பெயர்க்கும் நீரின் அளவு) 75 மில்லிகிராம் உலர் எடை என்பது இந்தியக் கடல்களில் பரவலாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அதன்படி ஒன்றரை மில்லி போதும் என்று தோன்றும். மூன்று மில்லி பிடியுங்கள். சொறி மிகுந்த மாதிரிக்கு இந்தக் கணக்கு உதவாது.

தனி இனமாகப் பிரித்து அளப்பதுதான் உண்மையில் பயனுள்ள வேலை. கலவை மாதிரியின் புரதம் என்பது அன்றைக்கு வலையில் எந்த உயிரி எத்தனை விழுந்தது என்பதன் சராசரி, அவ்வளவே. ஆனால் வெப்பக் கடலின் துடுப்புக்காலிகள் மிகச் சிறியவை. அகார்ஷியா போன்ற ஒன்றின் உலர் எடை சில மைக்ரோகிராம்தான். 5 மைக்ரோகிராம் என்று கொண்டால் 100 மில்லிகிராமுக்கு 20,000 உயிரிகளைப் பொறுக்க வேண்டும், அது நடக்காது. அப்படிப்பட்ட இனங்களுக்குக் கீழே சொல்லும் எல்லாக் கனஅளவுகளையும் பத்தில் ஒன்றாகக் குறைத்து, 100 உயிரிகளை ஒரு சிறு குழாயில் எடுத்து அளந்து பாருங்கள். மைக்ரோ தராசும் நிறத்தை அளக்கும் கருவியில் வைக்கும் சிறு கொள்ளளவுக் குவெட்டும் தேவைப்படும். லூசிஃபர் என்ற இறால் வகை, அம்புப்புழு, பெரிய துடுப்புக்காலியான யூகலானஸ் போன்றவற்றைக் கையால் பொறுக்கி முழு அளவிலேயே செய்யலாம்.

வலை

1960 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் பயன்படுத்திய பொது வலையின் கண் 330 மைக்ரான், வாய்ப்பரப்பு ஒரு சதுர மீட்டர். அந்த மாதிரிகள் கொச்சியில் பிரிக்கப்பட்டன. இன்று அதே கண்ணை எடுத்தால் ஒய்தோனா, பாராகலானஸ் போன்ற சிறிய துடுப்புக்காலிகளில் பெரும்பகுதி நழுவிவிடும். கரையோர வேலைக்கு 200 மைக்ரான் கண்ணும் 57 சென்டிமீட்டர் வாயும் கொண்ட டபிள்யூ.பி.-2 வலை பொருத்தம். அதன் வாய்ப்பரப்பு கால் சதுர மீட்டர். மேற்பரப்பில் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிடம் இழுத்தால் ஏறத்தாழ 330 மீட்டர் ஓடும், 83 கன மீட்டர் நீர் வடியும். வேகம் இதற்கு மேல் போனால் வலை நீரை வடிக்காமல் முன்னால் தள்ளும், மென்மையான உயிரிகள் நசுங்கும். வாயில் ஓட்டமானி கட்டாமல் இழுக்காதீர்கள். ஓட்டமானி காட்டும் தூரம் படகு போன தூரத்தைவிட வெகுவாகக் குறைந்தால் கண் அடைபட்டிருக்கிறது என்று பொருள். கடல் பூத்திருக்கும் நாட்களில், குறிப்பாக டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசியின் படலம் மிதக்கும்போது, 10 நிமிட இழுப்பை மூன்று 3 நிமிட இழுப்புகளாக உடையுங்கள்.

இழுக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். பல இனங்கள் இரவில் மேலே வந்து மேய்ந்து பகலில் கீழே இறங்கும். காலை 7 மணி மாதிரியையும் இரவு 9 மணி மாதிரியையும் ஒப்பிட்டு, பருவம் மாறியதால் கொழுப்பு கூடியது என்று எழுதுவது தவறு. வாடைக்காற்றுக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெள்ளாற்றுக் கழிமுகம் போன்ற இடங்களில் உவர்ப்பு சரிந்து இனக்கூட்டமே மாறிவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் வெப்பநிலையும் உவர்ப்பும் குறித்தாக வேண்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி முன்கூட்டியே தேவை.

படகில் முதல் அரை மணி நேரம்

நம் கடல்நீர் 28, 29 டிகிரி செல்சியஸ். ஒரு வாளியில் நெருக்கமாகக் கிடக்கும் மிதவை ஆக்சிஜன் தீர்ந்து விரைவில் சாகத் தொடங்கும். செத்தவுடன் அதன் சொந்த நொதிகளே புரதத்தைச் சிதைக்கும், கரைந்த பொருட்கள் வெளியே கசியும். வலை மேலே வந்ததிலிருந்து உறையவைப்பது வரை அரை மணி நேரத்துக்குள் முடியுங்கள்.

வலையின் அடிக்குடுவையில் உள்ளதை நிழலில் வைத்த, வடிகட்டிய கடல்நீர் நிறைந்த வாளிக்கு மாற்றுங்கள். 5 மில்லிமீட்டர் சல்லடை வழியாக ஊற்றிச் சொறி, சால்ப் (பீப்பாய் வடிவக் கூழுடல் உயிரி), மீன்குஞ்சு, கடற்பாசித் துண்டு ஆகியவற்றைத் தனியே எடுங்கள். சொறியைக் கொட்டிவிடாமல் அதன் கனஅளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நாக்டிலூகா இருந்தால் அது சல்லடையில் நிற்காது. அது ஒற்றைச் செல் உயிரி, செல்லுக்குள் அம்மோனியம் நிறைந்தது, 200 மைக்ரான் வலையில் தாராளமாகச் சிக்கும். நைட்ரஜனை அளந்து புரதம் கணக்கிடுபவர்களை இது ஏமாற்றிவிடும். பிரிக்க எளிய வழி உண்டு. மாதிரியை உயரமான அளவுச்சாடியில் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் நாக்டிலூகா மேலே மிதந்து திரளும், மேலடுக்கை உறிஞ்சி எடுத்துவிடலாம்.

அடுத்து ஃபோல்சம் பிரிப்பானில் மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைப் போராக்ஸ் சேர்த்த 5 சதவீத ஃபார்மலினில் போட்டு இனம் பார்க்க வையுங்கள். மறு பாதிக்கு ஃபார்மலின் வாசனைகூடப் படக்கூடாது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடும், எடையும் கொழுப்பும் கசிந்து குறையும். பழைய ஃபார்மலின் மாதிரிகளை எடுத்து உயிர்வேதிப் பகுப்பு செய்யலாமா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது.

குடலில் இருக்கும் பாசியும் அளவில் சேரும். அது வேண்டாம் என்றால் உயிரோடு இருக்கும் மிதவையை 30 நிமிடம் வடிகட்டிய கடல்நீரில், நெருக்கமில்லாமல் விட்டுவையுங்கள். இந்த வெப்பநிலையில் அதற்குள் குடல் பெரிதும் காலியாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் உயிரி தன் உடற்பொருளையே செலவழிக்கத் தொடங்கும். இப்படிச் செய்யும்போது உறையவைக்கும் கெடுவைக் காத்திருப்பு முடிந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள்.

கழுவுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 200 மைக்ரான் நைலான் துணியில் மாதிரியைப் பரப்பி, குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரை 5 முதல் 10 விநாடி மட்டும் தெளியுங்கள். அதற்கு மேல் போனால் செல்கள் நீரை உறிஞ்சி வெடித்து, கரையும் புரதமும் சர்க்கரையும் துணி வழியே ஓடிவிடும். அம்புப்புழு, லார்வாக்கள் போன்ற மெல்லிய உடலுள்ளவற்றுக்கு இதுவே அதிகம். அவற்றை அரை மோலார் அம்மோனியம் ஃபார்மேட் கரைசலில் கழுவலாம். அதன் ஊடுபரவல் அழுத்தம் கடல்நீரை ஒட்டியது என்பதால் செல் வெடிக்காது, உலர்த்தும்போது ஆவியாகப் போய்விடும். ஆனால் கொஞ்சம் மிஞ்சினாலும் அம்மோனியம் லோரி முறையைக் குழப்பும், நைட்ரஜன் பகுப்பைக் கெடுக்கும். புரதத்துக்கென்று எடுத்த பகுதிக்கு நீர்த் தெளிப்பே நல்லது என்பது எங்கள் கருத்து.

கழுவியதும் துணியின் அடிப்பக்கத்தில் வடிதாளை ஒற்றுங்கள். மேலே அழுத்தாதீர்கள். மாதிரியை அலுமினியத் தாளில் மெல்லிய பட்டையாகச் சுற்றி, பென்சிலால் எழுதிய சீட்டோடு, திரவ நைட்ரஜனிலோ உலர் பனியிலோ வையுங்கள். இரண்டும் கிடைக்காத நாட்டுப்படகில் தூளாக்கிய ஐஸும் கல்லுப்பும் மூன்றுக்கு ஒன்று கலந்த பெட்டி கரை சேரும் வரை தாங்கும். உருண்டையாகச் சுற்றினால் நடுப்பகுதி உறைய நேரம் எடுத்துக் கெட்டுவிடும்.

ஆய்வகத்தில் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டி சில நாட்களுக்குத்தான். அந்தக் குளிரிலும் கொழுப்பைப் பிளக்கும் நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். வாரக்கணக்கில் வைப்பதானால் மைனஸ் 80 வேண்டும்.

உலர்த்துதலும் எடையும்

உறையவைத்து வெற்றிடத்தில் நீரை நீக்கும் உறை உலர்த்தி இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லாவிட்டால் ஓவனில் 60 டிகிரியில், அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துவரும் வரை, பொதுவாக 24 முதல் 48 மணி நேரம். கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே பார்க்கும் எண்ணம் இருந்தால் ஓவன் வேண்டாம். பல இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்கள் சூட்டில் ஆக்சிஜனேற்றமாகி அழியும்.

கடலோர ஆய்வகங்களில் காற்றின் ஈரம் பெரிய எதிரி. உலர்ந்த மிதவைத் தூள், அதிலும் உப்பு மிஞ்சிய தூள், தட்டில் வைத்த ஓரிரு நிமிடத்திலேயே எடை ஏறுவதைத் தராசில் கண்ணாலேயே பார்க்கலாம். நீல சிலிக்கா ஜெல் உள்ள டெசிகேட்டரில் ஆறவைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் எடை போட்டு மூடுங்கள். ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் முதலில் அதைக் காயவையுங்கள். பிறகு அகேட் உரலில் அரைத்துத் தூளை ஒரே சீராகக் கலக்குங்கள். ஓட்டுத் துணுக்குகள் மேலேயும் கொழுப்புள்ள பகுதி உரலின் சுவரிலும் ஒதுங்கும். அதைச் சுரண்டிச் சேர்க்காவிட்டால் மூன்று மறுஅளவுகளும் மூன்று திசையில் போகும்.

சாம்பல்

முதலில் இதை முடியுங்கள், மற்ற எல்லா எண்களும் இதை நம்பியிருக்கின்றன. முன்பே எரித்து எடை போட்ட பீங்கான் மூசையில் 10 மில்லிகிராம் தூளை இட்டு, மஃபில் உலையில் 500 டிகிரியில் 5 மணி நேரம் வையுங்கள். சாம்பல் வெள்ளையாகவோ வெளிர் சாம்பல் நிறமாகவோ இருக்க வேண்டும். கறுப்பு தெரிந்தால் எரிதல் முடியவில்லை. வேகமாக முடிக்க 600 டிகிரிக்கு மேல் ஏற்றினால் சுண்ணாம்பு ஓடுள்ள இறக்கைக்கால் நத்தைகளின் கார்பனேட் சிதைந்து எடை குறையும். துடுப்புக்காலி மாதிரியில் சாம்பல் 30 சதவீதத்தைத் தாண்டினால் கழுவுதலைச் சந்தேகியுங்கள்.

புரதம்

1951-இல் வந்த லோரி முறை இன்றும் போதுமானது. 5 மில்லிகிராம் தூளில் 5 மில்லி 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி, கொதிநீர்த் தொட்டியில் 30 நிமிடம் வைத்து, ஆறியதும் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் தெளிவை எடுங்கள். தெளிவில் 0.1 மில்லியை 0.9 மில்லி நீரோடு சேருங்கள். அதில் 5 மில்லி செப்புக் கரைசல் விட்டு 10 நிமிடம் நிற்க விடுங்கள். செப்புக் கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்த 2 சதவீத சோடியம் கார்பனேட் 50 மில்லிக்கு, 1 சதவீத சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்டில் கரைத்த 0.5 சதவீத காப்பர் சல்பேட் 1 மில்லி. 10 நிமிடம் ஆனதும், சம அளவு நீர் சேர்த்த ஃபோலின் கரணி (நிறம் தரும் வேதிக் கரைசல்) 0.5 மில்லி ஊற்றி அந்த நொடியே குலுக்குங்கள். ஃபோலின் காரத்தில் சில விநாடிகளில் செயலிழக்கும். எல்லாக் குழாய்க்கும் ஊற்றி முடித்துப் பிறகு சேர்த்துக் குலுக்கினால் முதல் குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் நிறம் வேறுபடும். இருட்டில் 30 நிமிடம் வைத்து, நிறமாலை ஒளிமானியில் 750 நானோமீட்டரில் படியுங்கள். புட்டியில் ஃபோலின் பச்சையாகிவிட்டால் எறியுங்கள்.

மாட்டுச் சீர ஆல்புமினில் 20 முதல் 200 மைக்ரோகிராம் வரை தரக்கோடு, அதாவது தெரிந்த அளவுக்கு எவ்வளவு நிறம் வருகிறது என்ற கோடு, வரையுங்கள். தரக் குழாய்களிலும் வெற்றுக் குழாயிலும் அதே 0.1 மில்லி 1 நார்மல் காரம் இருக்க வேண்டும். பலர் விடும் பிழை இது. கோடு நேராக இருக்கும், மாதிரி மட்டும் வேறு காரத்தன்மையில் நிற்கும். தெளிவு கலங்கலாக இருந்தால் கொழுப்புதான் காரணம். கீழே சொல்லும் முறையில் கொழுப்பெடுத்தபின் எஞ்சும் வண்டலை உலர்த்தி அதிலேயே புரதம் பாருங்கள்.

நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது துடுப்புக்காலிகளுக்குச் சரிவராது. அவற்றின் ஓட்டில் உள்ள கைட்டினில் ஏறக்குறைய 7 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது, அதெல்லாம் புரதமாக எண்ணப்படும்.

கொழுப்பு

1957-இல் ஃபோல்ச் தந்த கலவை: குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு. 10 மில்லிகிராம் தூளுக்கு 5 மில்லி ஊற்றி, மூடிய கண்ணாடிக் குழாயில் இரண்டு மணி நேரம், இடையிடையே குலுக்கி வையுங்கள். பிளாஸ்டிக் குழாய் கூடாது. குளோரோஃபார்மில் சில கரையும், சில தம் மென்மையாக்கிகளைக் கசியவிடும், அதெல்லாம் கொழுப்பாகக் கணக்கில் ஏறும். கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, 1 மில்லி 0.9 சதவீத சோடியம் குளோரைடு சேர்த்துக் குலுக்கி அடுக்குகள் பிரிய விடுங்கள். மேலடுக்கில் உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலமும் போகும், அதை உறிஞ்சி எறியுங்கள். ஆரஞ்சு நிறமுள்ள கீழடுக்குதான் உங்களுக்கு வேண்டியது. அந்த நிறம் அஸ்டாக்சாந்தின் போன்ற கரோட்டினாய்டுகளுடையது. நைட்ரஜன் ஓட்டத்தில் அதை முற்றிலும் வற்றவையுங்கள்.

இத்தனை சிறு மாதிரியில் எஞ்சும் கொழுப்பு ஒரு மில்லிகிராம் அளவுதான், சாதாரணத் தராசு அதை நம்பிக்கையாகக் காட்டாது. ஆகவே சல்போ பாஸ்போ வெனிலின் முறை. எஞ்சியதை 1 மில்லி குளோரோஃபார்மில் கரைத்து, 0.2 மில்லியை வேறு குழாயில் வற்றவைத்து, 0.5 மில்லி அடர் கந்தக அமிலம் விட்டுக் கொதிநீரில் 10 நிமிடம் வையுங்கள். ஆறியபின் அதிலிருந்து 0.2 மில்லியை 5 மில்லி வெனிலின் கரணியில் சேர்த்து, 30 நிமிடம் கழித்து 520 நானோமீட்டரில் படியுங்கள். கரணி, 80 சதவீத பாஸ்பாரிக் அமிலம் ஒரு லிட்டரில் 2 கிராம் வெனிலின். தரத்துக்குக் கொலஸ்ட்ரால் 50 முதல் 400 மைக்ரோகிராம் வரை. இந்த நிறம் இரட்டைப் பிணைப்பை நம்பி வருவது. ஒரே எடைக்கு வெவ்வேறு கொழுப்புகள் வெவ்வேறு நிறச்செறிவு தரும். ஒருமுறை நிறைய மிதவை கிடைக்கும்போது கொழுப்பைப் பிரித்து எடை போட்டு, அதையே தரமாக வைத்துக்கொள்வது கொலஸ்ட்ராலைவிடச் சரியான வழி.

மேற்பரப்பு மாதிரியில் கொழுப்பு 35 சதவீதம் என்று வந்தால் மகிழ வேண்டாம். ஆர்க்டிக் கடலின் காலானஸ் இனங்கள் நீண்ட குளிர்காலத்தைத் தாண்டுவதற்காக மெழுகு எஸ்டரைச் சேர்த்து, உலர் எடையில் பாதிக்கு மேல்கூடக் கொழுப்பு வைத்திருக்கும். நம் கடலின் மேற்பரப்பில் வாழ்பவற்றுக்கு ஆண்டு முழுதும் ஏதோ கொஞ்சம் தீனி கிடைக்கிறது. சூடான நீரில் உடலின் இயக்கம் வேகமாக நடக்கிறது, சேமிப்பு குறைவு, பட்டினியில் புரதத்தையே எரிக்கின்றன. ஆகவே பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம்தான் எதிர்பார்க்கலாம். அதிகமாக வந்தால் உப்புநீர்க் கழுவல் விடுபட்டதா, குளோரோஃபார்ம் முழுதும் வற்றியதா, எண்ணெய்த் துளியுள்ள மீன்முட்டைகள் கலந்தனவா என்று வரிசையாகப் பாருங்கள்.

மாவுச்சத்து

5 மில்லிகிராம் தூளை 5 மில்லி 5 சதவீத டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தில் கொதிநீரில் 30 நிமிடம் வைத்துச் சுழற்றித் தெளிவெடுங்கள். 1 மில்லி தெளிவு, 1 மில்லி 5 சதவீத ஃபீனால், பிறகு 5 மில்லி அடர் கந்தக அமிலத்தைச் சுவரில் வழியவிடாமல் நேராக நீர்ப்பரப்பின் மேல் வேகமாக ஊற்றுங்கள். நிறம் வருவது அந்தக் கலப்பின் சூட்டால்தான். 10 நிமிடம் கழித்துக் குலுக்கி, இன்னும் 20 நிமிடம் ஆறவிட்டு 490 நானோமீட்டரில் குளுக்கோஸ் 10 முதல் 70 மைக்ரோகிராம் தரத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் 5 சதவீதத்துக்குக் கீழேதான் வரும். இவ்வளவு சிறிய அளவு என்பதால் வடிதாளின் நார், பஞ்சு, கைக்குட்டைத் தூசி எதுவும் போதும், எண் இரட்டிப்பாகிவிடும். அவை எல்லாம் செல்லுலோஸ், ஃபீனாலோடு அழகாக மஞ்சளாகும். கைட்டின் இந்த அளவில் சேராது.

ஃபீனால் தோலை மரக்கச் செய்வதால் சுட்டது தெரியாது. கையுறை, கண்ணாடி, புகைக்கூண்டு மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். குளோரோஃபார்ம் கழிவைத் தனிப் புட்டியில் சேருங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கூட்டிப் பார்த்தல்

ஒரு எடுத்துக்காட்டு. லோரியில் 0.1 மில்லி தெளிவுக்கு 48 மைக்ரோகிராம் புரதம் படித்தால், 5 மில்லியில் 2.4 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் தூளில் 48 சதவீதம். சாம்பல் 20 என்றால் சாம்பல் நீக்கிய எடையில் அது 60 சதவீதம். கொழுப்பு 9, மாவுச்சத்து 3 என்று வைத்தால் கூட்டல் 80. மீதி 20-இல் கைட்டின், நியூக்ளிக் அமிலம், லோரியில் முழுதாகத் தெரியாத தனி அமினோ அமிலங்கள், தூளில் இறுகி நிற்கும் நீர் எல்லாம் அடங்கும். இது இயல்பான இடைவெளி. கூட்டல் 60-க்குக் கீழே போனால் பிரித்தெடுப்பு அரைகுறை, 105-ஐத் தாண்டினால் தரக்கோட்டில் பிழை.

ஆற்றல் மதிப்பு வேண்டுமானால் கிராமுக்குப் புரதம் 5.65, கொழுப்பு 9.45, மாவுச்சத்து 4.1 கிலோகலோரி என்று பெருக்குங்கள். மேற்கண்ட மாதிரிக்கு உலர் எடையில் கிராமுக்கு 3.69, சாம்பல் நீக்கிய எடையில் 4.61. அட்டவணையில் இரண்டு எண்களையும் எழுதுங்கள். கூடவே வலைக்கண், இழுத்த நேரம், கழுவிய கரைசல், எத்தனை விநாடி கழுவினீர்கள், எத்தனை டிகிரியில் உலர்த்தினீர்கள், ஃபார்மலின் பாதியில் எண்ணிய இனங்களின் விகிதம், எடுத்துவிட்ட சொறியின் கனஅளவு ஆகியவையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.